சொல்லாமல் வைத்த அடையாளம்

எது முதலில் வந்தது, அந்தக் கோரிக்கையா, ஈரச் சாக்கின் வாடையா என்று கேட்டால் தீபலட்சுமியால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. சில நாட்களில் வாடைதான் முதலில் என்று தோன்றும். சில நாட்களில் அந்த வாடையே பிறகு அவள் மனம் ஒட்டவைத்துக்கொண்டது என்று படும். அன்று மழை பெய்ததாக நினைவு. ஆனால் அதே மதியம் மாடியில் துணி காய்ந்து, மொடமொடவென்று எடுத்து வந்த நினைவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்க முடியாது. மணி மூன்றரை என்பது மட்டும் நிச்சயம். கிளினிக்கில் வேலை முடிந்து இரும்புலியூர் வீட்டுக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் தண்டவாளத்தில் தாம்பரம் நோக்கி ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது.

குழுவில் சேர ஒரு கோரிக்கை. படம் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக அவள் நடத்திவந்த வாட்ஸ்அப் குழு அது. முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கறி வாங்கப் பையோடு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போன அவள் கணவன் சுகுமார் திரும்பி வரவில்லை. வண்டி மட்டும் ஸ்டேஷன் ஸ்டாண்டில் நின்றிருந்தது. முதல் வருடம் முழுக்க அவளுக்கு யார் யாரோ போன் செய்தார்கள். விஜயவாடாவில் பார்த்தேன், பணம் அனுப்பினால் கூட்டி வருகிறேன் என்றார்கள். அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் குழுவின் விதி. சேர விரும்புகிறவர்கள் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். காணாமல் போனவர் யார்? எப்போதிலிருந்து? போலீஸில் கொடுத்த புகாரின் ரசீது உண்டா? நான்காவது கேள்விதான் முக்கியம். நோட்டீஸிலோ பேப்பரிலோ போடாத, வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளம். அதை அட்மினான அவளிடம் மட்டும் சொல்ல வேண்டும். அவள் ஒரு நீல நோட்டில் எழுதிப் பீரோவில் வைப்பாள். நாளைக்கு யாராவது "உங்கள் ஆள் எங்களிடம் இருக்கிறார்" என்று வந்தால், அந்த ஒன்றைக் கேட்டால் போதும். இரண்டு ஏமாற்றுக்காரர்கள் அப்படி மாட்டியிருக்கிறார்கள்.

புள்ளி அனுப்பிய பதில்களை அவள் படித்தாள்.

காணாமல் போனவர் யார்? *நான்.*

எப்போதிலிருந்து? *எண்ணவில்லை.*

புகார் ரசீது? *என்னைத் தேடி யாரும் புகார் கொடுக்கவில்லை.*

அடையாளம்? *இன்னும் எதுவும் இல்லை.*

அவள் இரண்டாவது முறை படித்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் அறைக்குள் காற்று நகரவில்லை. மழையில் நனைந்து மூலையில் நாள்கணக்காகக் கிடந்த கோணிச் சாக்கை யாரோ அவள் பின்னால் உதறியதுபோல் ஒரு வாடை வந்து, நின்று, போனது.

இன்னொரு அட்மின் மெர்வினுக்குப் போன் செய்தாள். மாடம்பாக்கத்தில் இருப்பவன். மறதி நோய் வந்த அவன் அப்பா பிரிட்டோ, இரண்டு வருடங்களுக்கு முன் செருப்புக்கூடப் போடாமல் வீட்டை விட்டு நடந்து போனவர்.

"ரிஜெக்ட் பண்ணுங்கக்கா," என்றான் மெர்வின். "எவனோ வேலையில்லாதவன் விளையாடறான்."

"விளையாடற மாதிரி தெரியலயே. தேடறதுக்கு யாருமே இல்லாத ஆளா இருந்தா?"

"அப்படிப்பட்டவங்களுக்கு வேற இடம் இருக்குக்கா. நம்ம விதி என்ன? ரசீது இல்லன்னா இல்ல."

"ஜெயஸ்ரீகிட்டயும் அதத்தான் சொன்னோம்."

போன வருடம் ஜெயஸ்ரீ என்ற பெண், மகளைத் தேடுவதாகச் சேரக் கேட்டாள். ரசீது இல்லை, போலீஸுக்குப் போக வீட்டில் விடவில்லை என்றாள். விதியைச் சொல்லி தீபலட்சுமி மறுத்தாள். மூன்று வாரம் கழித்து பேப்பரில் ஜெயஸ்ரீயின் படம் வந்தது. பெருங்களத்தூர் அருகே தண்டவாளத்தில். அதிலிருந்து ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் தீபலட்சுமிக்குக் கை ஓரிடத்தில் நிற்காது. எதையாவது மடிக்கும், துடைக்கும், நகர்த்தும்.

"நீங்க பாத்து செய்யுங்கக்கா," என்று சொல்லி மெர்வின் போனை வைத்தான்.

அவள் புள்ளிக்குத் தனியாக எழுதினாள். 'அடையாளம் என்ற இடத்தில் ஏதாவது சொன்னால்தான் சேர்க்க முடியும்.'

உடனே பதில் வந்தது. 'அடையாளம் என்றால் எப்படி இருக்க வேண்டும்? உதாரணம் சொல்லுங்கள்.'

விண்ணப்பிக்கிறவர்கள் பலர் இப்படிக் கேட்பதுண்டு. படிப்பறிவு குறைந்தவர்களுக்கு அவள் பொறுமையாக விளக்குவாள். அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், மனதில் முதலில் வந்ததை எழுதினாள். 'ஒருவருக்கு வலது தோளின் பின்புறம் புளியங்கொட்டை அளவு மச்சம். இன்னொருவருக்கு இடது கைச் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கும்.' அனுப்பிய பிறகுதான் அவை அங்காளம்மாளின் கணவருடையதும் மெர்வினின் அப்பாவுடையதும் என்று உறைத்தது. பெயர் சொல்லவில்லையே என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

'இன்னும் ஒன்று,' என்று வந்தது. 'உங்கள் கணவருடையது.'

தனக்குக் கணவன் என்று ஒருவன் இருந்ததை அவள் அதனிடம் சொல்லவில்லை. குழுவின் முகப்பில் போட்டிருக்கும், சுகுமாரைத் தேடும் நோட்டீஸைப் பார்த்திருக்கும் என்று நினைத்தாள். சுகுமாரின் உண்மையான அடையாளத்தை எழுத விரல் ஓடவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அது, சுகுமார் எப்போதும் முடியால் மறைத்து வைத்தது, மெர்வினுக்குக்கூடத் தெரியாது. ஏதாவது எழுத வேண்டுமே என்று இல்லாத ஒன்றை எழுதினாள். 'இடது முழங்காலுக்குக் கீழே சைலன்சர் சுட்ட தழும்பு.'

அடுத்தவர்களுடையதை உள்ளபடி கொடுத்துவிட்டு, தன்னுடையதற்கு மட்டும் பொய் சொன்னாள். பின்னால் வந்த அத்தனை நாளும் அவளைத் தின்றது இதுதான்.

'நன்றி. புரிந்தது,' என்று வந்தது.

அவள் புள்ளியைக் குழுவில் சேர்த்தாள். முப்பத்தொன்பது.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. தினம் மாலை ஆறு மணிக்கு ஒவ்வொருவரும், காணாமல் போனவரோடு பேசுவதுபோல் ஒரே ஒரு வரி எழுதுவார்கள். இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். பெரியவளுக்குப் பல் பிடுங்கியாயிற்று. அழுவதற்கு இடம் கொடுக்காத, வீட்டுப் பேச்சு. அன்று தீபலட்சுமி எழுதினாள்: 'இட்லி மாவு புளித்துவிட்டது, நீ இருந்தால் ஊத்தப்பம் கேட்டிருப்பாய்.' எழுதி முடிக்குமுன் புள்ளி படித்துவிட்டது. யாருடைய வரியானாலும் முதலில் படித்தது அதுதான். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் மேலே, புள்ளி எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டும். பத்து நிமிடம், இருபது நிமிடம் அப்படியே இருக்கும். ஒரு சொல்லும் வராது. எதையோ எழுதிப் பார்த்து, அழித்து, மறுபடி எழுதிப் பழகுகிற பிள்ளையைப்போல.

நான்காம் நாள் மதியம் அங்காளம்மாள் போன் செய்தாள். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஆறாவது மாடி. கணவர் ஏகநாதன் கட்டட வேலைக்குப் போய் வராமல் மூன்று வருடம்.

"யக்கா! வந்துக்கீறாருக்கா! என் வூட்டுக்காரரு வந்துக்கீறாரு! இன்னா ஒரு ஆச்சரியம், வாசல்ல குந்திகினு கீறாரு!"

தீபலட்சுமிக்குக் கண் கலங்கியது. குழுவில் முதல் முறையாக ஒருவர் உயிரோடு திரும்பியிருக்கிறார். "அடையாளம் பாத்தியா அங்கா?"

"பாக்காம வுடுவனா? சட்டையக் கழட்டுய்யான்னேன். தோள்ல மச்சம் கல்லு மாரி கீது. எம்மாங் கேலி பண்றாரு தெரியுமா? கருவாட்டுக் கொழம்பு வெச்சேன்னு எழுதினியே, எனக்கு எங்கடின்றாரு."

தீபலட்சுமியின் கை, துடைத்துக்கொண்டிருந்த மேஜை மேல் நின்றது. "அது அவருக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அதான் கேட்டேன். சிரிக்கிறாரு. ஆனா..." அங்காளம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "கல்யாணத்தப் பத்திக் கேட்டா முழிக்கிறாருக்கா. எங்க மாமியார் பேரு தெர்ல. போன செவ்வாக்கெழமையிலருந்து நான் எழுதினது மட்டும் அப்டியே ஒப்பிக்கிறாரு. மேல பூரா ஈரச் சாக்கு நாத்தம். எங்க கெடந்தாரோ பாவம், குளிச்சா பூடும்."

புள்ளி குழுவில் சேர்ந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். விதிப்படி, ஆள் வந்துவிட்டால் குழுவிலிருந்து விலக வேண்டும். அங்காளம்மாள் விலகினாள். எல்லோரும் வாழ்த்தினார்கள். புள்ளி எழுதிக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் மெர்வின் அழைத்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். "அக்கா, அப்பா வந்துட்டார். சுண்டுவிரல் அப்படியே வளஞ்சிருக்கு. நான் பிடிச்சுப் பாத்தேன்."

"மெர்வின், அவருக்கு மறதியாச்சே. உன்ன அடையாளம் தெரியுதா?"

"எதையும் மறக்கலக்கா. நான் எழுதினது ஒவ்வொண்ணும் சொல்றார்."

"எப்போலருந்து எழுதினது?"

மேலே ஒரு விமானம் மீனம்பாக்கம் நோக்கித் தாழ்ந்து போய், ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கி ஓய்ந்தன.

"மெர்வின், அந்தச் சுண்டுவிரல் விஷயத்த நான்தான்..."

"சொல்லாதீங்கக்கா." அவன் குரல் மாறியிருந்தது. "நீங்க எது சொல்றதா இருந்தாலும் வேணாம். ரெண்டு வருஷம் ஒவ்வொரு மார்ச்சுவரியா போய்த் துணிய விலக்கிப் பாத்தவன் நான். எனக்கு இது போதும்."

அவனும் விலகினான். அட்மின் அவள் ஒருத்தி.

அன்றே அவள் புள்ளியைக் குழுவிலிருந்து நீக்கினாள். தனிச் செய்தியில் ஒரு வரி வந்தது. 'பரவாயில்லை. உங்களுடையதை மட்டும் தினமும் இங்கே எழுதுங்கள்.' அவள் எண்ணைத் தடை செய்தாள். மறுநாள் ஆறு மணிக்குக் கை தானாகக் கைப்பேசியை எடுத்தது. ஐந்து வருடப் பழக்கம். குழுவில்தான் எழுதினாள். 'கொல்லைப்பக்கக் குழாய் ஒழுகுகிறது.' அனுப்பிய பின் பார்த்தால், குழுவில் அந்த வரி இல்லை. தடை செய்த புள்ளியின் பக்கத்தில் இருந்தது. படித்ததற்கான இரண்டு நீலக் கோடுகளோடு.

அதன் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கிளினிக்கில் டோக்கன் எண்களை மாற்றிக் கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்தால் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். பீரோவைத் திறந்து நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தாள், பூட்டினாள், மறுபடி திறந்தாள். வாசல் கிரில் கேட்டுக்கு உள்ளிருந்து பூட்டு போட்டாள். எழுதக் கூடாது என்று மாலையில் கைப்பேசியை அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். ஏழு மணிக்கு எடுத்துப் பார்த்தபோது அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்ட வரி, எழுதப்பட்டு, அனுப்பப்பட்டு, படிக்கப்பட்டிருந்தது.

பதினோராம் நாள். மாலை. மழை வரும்போல இருட்டிக்கொண்டு, மின்சாரம் போயிருந்தது. விசிறி நின்ற வீட்டில் எல்லாச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. குழாய்ச் சொட்டு. மாடியில் வீட்டுக்காரர் அரிகிருஷ்ணனின் இருமல். தெருமுனையில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற ஓசை. பிறகு செருப்பில்லாத கால்கள், ஈரத்தோடு சிமெண்டில் ஒட்டி ஒட்டிப் பிரிந்து வருகிற சத்தம். வந்தது. படியேறியது.

வாடை முதலில் உள்ளே வந்தது.

"தீபா."

சுகுமாரின் குரல். கொஞ்சம் கரகரத்த, வார்த்தையின் கடைசியில் தாழ்கிற அதே குரல். அவள் தன்னை அறியாமல் கிரில் வரை போயிருந்தாள். ஐந்து வருடம் அந்த ஒரு சொல்லுக்காகக் காது கொடுத்துக் கிடந்த உடம்பு அது.

கிரிலுக்கு வெளியே சுகுமார் நின்றான். நோட்டீஸ் படத்தில் இருந்த கோடு போட்ட சட்டை. படத்தில் இடுப்புக்குக் கீழே தெரியாது. கீழே ஒரு சாம்பல் நிற வேட்டி. இந்த நாட்டில் எந்தக் கடையிலும் விற்காத சாம்பல்.

"கொல்லைக் குழாய் ஒழுகுதுன்னியே. பாக்கலாம்னு வந்தேன்."

அவள் கையில் சாவி.

"மாவு புளிச்சுடுச்சுன்னியே. ஊத்தப்பம் கேக்கறேன்."

"நம்ம கல்யாணம் எங்க நடந்தது?" என்றாள்.

அவன் தலையைச் சாய்த்தான். அவள் வாயையே பார்த்தான். பதில் அங்கிருந்து வரும் என்று காத்திருப்பவன்போல. பிறகு, யாரும் கேட்காமலே, குனிந்து வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினான். இடது கால். முட்டிக்குக் கீழே சைலன்சர் சுட்ட தழும்பு. சுருங்கி, பளபளத்து, பழசாகி.

இந்த உலகத்தில் யாருக்கும் இல்லாத தழும்பு. அவள் அந்த முதல் நாள் மதியம் மூன்றரை மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்தது. முதல் பக்கத்தில் எழுதியிருந்த அடையாளத்தை அவனிடம் தேடினாள். அது இல்லை. குனிந்ததில் முடி விலகிய அந்த இடம் வழுவழுவென்று, புதிதாக இருந்தது.

"போயிடு," என்றாள் மெதுவாக.

"எம்மா தீபலட்சுமி!" மேலேயிருந்து அரிகிருஷ்ணனின் குரல். டார்ச் வெளிச்சம் படியில் இறங்கியது. "யாரு அது? அட! நம்ம சுகுமாரு! ஏ, எல்லாம் ஓடியாங்க, சுகுமாரு வந்துட்டாப்ல!"

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டு வேதா கையில் மாவோடு ஓடி வந்தாள். யாரோ அழுதார்கள். யாரோ அவன் முதுகைத் தட்டினார்கள். தட்டிய கையைப் பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள்.

"இன்னாம்மா, புருஷன வாசல்ல நிக்க வெச்சுட்டு மரம் மாரி நிக்கறே? கதவத் தொற," என்றார் அரிகிருஷ்ணன்.

"இவர் அவர் இல்ல சார்."

சிரிப்பு. "அதிர்ச்சி," என்றாள் வேதா. "ஏன்கா, அஞ்சு வருஷமா நீ தேடினது இவரத்தானே? அடையாளம் ஏதாவது பாத்தியா?"

எல்லோர் முன்னாலும் அவன் காலை நீட்டினான். "ஆமா, தழும்பு," என்றது கூட்டம். பொய் அடையாளம் என்று சொல்ல வேண்டும். அப்படியானால் உண்மை எது என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் அவன் காதில் விழும். அவன் காத்திருந்தான். கண் கொட்டவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டே.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பூட்டில் சாவியை நுழைத்தாள்.

ஒரு மாதம் கழித்து போலீஸ் ஸ்டேஷனில் புகாரைத் திரும்பப் பெற அவளும் கையெழுத்துப் போட்டாள். ஆள் வந்துவிட்டார் என்றால் அதுதான் முறை. அவன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வீட்டில் அவன் சாப்பிடுவதில்லை. தட்டின் முன் உட்காருவான். தூங்குவதில்லை, படுப்பான். பேசுவது அந்த நாட்களில் அவள் எழுதிய பதினோரு வரிகள் மட்டும்.

அதற்கு அடுத்த வாரம், பகல் பதினொரு மணிக்கு, திண்டிவனம் பக்கம் ஓர் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து போன் வந்தது.

"அம்மா, பழைய நோட்டீஸ்ல உங்க நம்பர் இருந்தது. அஞ்சு வருஷம் முன்னாடி ரோட்ல அடிபட்டு இங்க வந்தவர். இத்தன நாள் பேச்சே இல்ல. இப்போதான் பேர் சொல்றார். சுகுமாராம். தீபா தீபான்னு கேட் பக்கமே உக்காந்திருக்கார். வலது காது மடல் ரெண்டா பிளந்திருக்கும்மா. சின்ன வயசுல கடுக்கன் இழுத்துக் கிழிஞ்சதாம்."

நீல நோட்டின் முதல் பக்கம். எழுத்துக்கு எழுத்து.

"வலது காது..." என்றாள். அவளை அறியாமல். வாய்விட்டு.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

ஹாலில் அவன் எழுந்து நின்றிருந்தான். வாசலுக்கும் அவளுக்கும் நடுவில். வலது கை மெல்ல மேலே போனது. காது மடலை இரண்டு விரல்களால் பிடித்தது. இழுத்தது. ஈரத் துணி கிழிகிற சத்தம். நிதானமாக. அவள் முகத்தைப் பார்த்தபடியே, சரியாக இருக்கிறதா என்று கேட்பதுபோல. ரத்தம் வரவில்லை.

"யாரு போன்ல?" என்றான். பன்னிரண்டாவது வரி. அவள் எழுதாதது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா? எப்போ வரீங்க?"

"ராங் நம்பர் சார்," என்றாள் தீபலட்சுமி. "எங்க வீட்ல யாரும் காணாம போகல."

அங்காளம்மாள் பெரும்பாக்கத்தில் ஏகநாதனோடு இருக்கிறாள். யார் போனையும் எடுப்பதில்லை. மெர்வின் மாடம்பாக்கம் வீட்டைப் பூட்டிக்கொண்டு அப்பாவோடு எங்கோ போய்விட்டான். அவனைக் காணவில்லை என்று புகார் கொடுக்க யாரும் இல்லை. குழுவில் மீதமிருந்தவர்களிடமும் புள்ளி தனியாக உதாரணம் கேட்டிருக்க வேண்டும்; அவர்களும் ஒவ்வொருவராக, நல்ல செய்தி சொல்லி, விலகிவிட்டார்கள். திண்டிவனம் இல்லத்தில் சுகுமார் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவனை இப்போது யாரும் தேடவில்லை. இரும்புலியூரில் தீபலட்சுமி தினமும் ஊத்தப்பம் ஊற்றி, வீட்டுக்கு வந்தவன் முன் வைக்கிறாள். அவன் தட்டைப் பார்ப்பதில்லை. பிளந்த காதை அவள் பக்கம் திருப்பி, அவள் அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.